கதவு கேட்டது யார்?

"இருமல் சோதனையா? எவன் இருமினான், எவன் சோதிச்சான்?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாயிலிருந்த காபியை விழுங்க மறந்து கத்தியதில், கையிலிருந்த காகிதத்தின் மேல் நாலு துளி தெறித்தது. துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை.

அது ஆர்க்கிடெக்ட் அனுப்பியிருந்த பில். அந்த அம்மாளிடம் அவர் கேட்டது ஒரே ஒரு வேலைதான். வீட்டு ஹாலுக்கு நடுவில் ஒரு சுவர் வர வேண்டும், அதற்கு ஒரு வரைபடம் போட்டுத் தர வேண்டும். வந்திருப்பதோ ஒரு பட்டாளம். சுவர் வந்த பிறகு வெளிச்சம் எப்படி விழும் என்று ஓர் ஆய்வு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் எவ்வளவு கேட்கும் என்று ஒரு சோதனை. சுவர் போகும் வழியில் குறுக்கே கிடக்கும் சோபாவை இரண்டாக வெட்ட ஒரு திட்டம். எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம். கடைசி வரிக்கு வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

'சுவரில் ஒரு கதவு. மூன்று மாதிரிகள்.'

"கதவா?" என்றார், மிக மெதுவாக.

அந்த வீடு இரண்டு பேர் பெயரில் இருந்தது. ஒருவர் இவர். இன்னொருவர் இவருடைய தம்பி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஒரே ஹால், ஒரே சமையலறை, ஒரே டிவி என்று நன்றாகத்தான் இருந்தார்கள். இப்போது இருவரும் பேசிக்கொண்டு மாதக்கணக்காகிறது.

சொத்துத் தகராறோ என்று நினைக்க வேண்டாம். அதெல்லாம் இருந்தால் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அண்ணனுக்குத் தலை நரைத்த பிறகு கார் ஓட்டிப் பழகும் ஆசை வந்தது. வீட்டிலேயே வாத்தியார் இருக்க, அவர் யாருக்கும் சொல்லாமல் நாலு தெரு தள்ளி இருந்த வேறொரு ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். ஒருநாள் சிக்னலில் இரண்டு பயிற்சிக் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் தம்பி. மற்றதில், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அண்ணன்.

தம்பி அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் காலை மூக்கின் மேல் புதுக் கண்ணாடியோடு காபி குடிக்க வந்தான். அண்ணன் கடைக்கு நேர் எதிர்க் கடையில் வாங்கியது. அது தெரியாமல் போய்விடுமோ என்று, கடையின் பெயர் போட்ட டப்பாவை வேறு மேஜை மேல் நிமிர்த்தி வைத்தான். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே ஒழிய, சண்டை நிற்கவில்லை. அண்ணன் சொல்ல வேண்டியதை மின்விசிறியைப் பார்த்துச் சொல்வார். தம்பி பதிலை ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்வான். அப்படி ஒருநாள் அண்ணன் மின்விசிறியிடம், "நடுவுல ஒரு சுவர் வெச்சுட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று வாய்விட, தம்பி ஃப்ரிட்ஜிடம், "தாராளமா வெக்கட்டும், யார் வேணாங்கறாங்க?" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், சுவர் முடிவாகிவிட்டது.

உண்மையில் அண்ணனுக்கு அந்தச் சுவர் வேண்டாம். தம்பி இல்லாத ஒரு பாதி ஹாலில் தான் மட்டும் உட்கார்ந்து பாதி வாழ்க்கையை ஓட்டுவதா? ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்தால் தம்பிக்கு முன்னால் இறங்கிப்போனதாக ஆகிவிடுமே. வீட்டுப் பெண்கள் தடுப்பார்கள் என்று மலைபோல நம்பியிருந்தார். அவர் மனைவியோ, "கட்டறதுதான் கட்டறீங்க, நல்லா கனமா கட்டுங்க. யாரோ ஒருத்தரைக் கூப்பிட்டுச் சும்மா எழுப்பினா கூரை என் தலைல விழும். ஒழுங்கா ஒரு ஆர்க்கிடெக்டைப் பாருங்க" என்று விலாசமும் வாங்கி வந்து கொடுத்தாள். தம்பி மனைவி அதற்கு மேல் போய், "கூரை வரைக்கும் முட்டணும். நடுவுல ஒரு விரல் நுழையக்கூடாது" என்றாள்.

இந்த நிலைமையில்தான் பில்லில் ஒரு கதவு முளைத்திருக்கிறது.

தம்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தான். அண்ணன் அவசரமாக மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த வீட்டுல யாரோ சுவர்ல கதவு கேட்டிருக்காங்களாம். கேட்டிருந்தா ஒண்ணும் தப்பில்ல. யார்னு தெரிஞ்சா போதும்."

தம்பி பால் பாக்கெட்டிடம் பேசினான். "கதவு கேக்கற அளவுக்கு இங்க யாரும் உருகிப் போயிடல. கேட்டவங்களே கேட்டுட்டு அடுத்தவங்க தலைல கட்டப் பாக்கறாங்க."

"நான் கேக்கல!"

"நானும் கேக்கல!"

ஃப்ரிட்ஜ் கதவு படாரென்று மூடியது. அண்ணனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஒரு நிமிஷம்தான் என்றாலும், தம்பிதான் கேட்டிருப்பானோ என்று நினைத்தபோது மனசு இளகியது நிஜம். அது வீணாய்ப் போன எரிச்சல் முழுவதும் இப்போது ஆர்க்கிடெக்ட் மேல் திரும்பியது. போனை எடுத்தார்.

"நான் ஒத்துக்காத வேலைக்கு நான் எதுக்கும்மா காசு தரணும்?"

"ரொம்ப நியாயமான கேள்வி சார்" என்றாள் ஆர்க்கிடெக்ட். சண்டை போடவே இடம் தராத குரல். "எது தேவை, எது தேவையில்லைன்னு நான் நேர்லயே வந்து பாத்துடறேன்."

ஒரே போனில் மடக்கிவிட்டோம் என்று அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். அந்த அம்மாள் மத்தியானமே வந்தாள். கையில் பெரிய மஞ்சள் நாடாச் சுருள் ஒன்று இருந்தது. வாசற்படியில் தொடங்கி, தரைமேல் ஒட்டிக்கொண்டே போய், சோபா முதுகில் ஏறி, டிவியின் நட்டநடுவில் இறங்கி, எதிர்ச் சுவரில் கொண்டுபோய் முடித்தாள்.

"சுவர் வர்ற வரைக்கும் இதுதான் சுவர். எல்லாரும் பழகிப் பாருங்க. தாண்டக் கூடாது. தாண்டினா எது தேவை, எது தேவையில்லைன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

அவள் போன பிறகுதான் வினை விளங்கியது. அடுப்பு அண்ணன் பக்கம், ஃப்ரிட்ஜ் தம்பி பக்கம். ஓரகத்திகள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாடாவுக்கு மேலே பாலைக் கைமாற்றினார்கள். டிவியில் அண்ணனுக்குச் செய்தி வாசிப்பவரின் இடது காது மட்டும் சட்டப்படி சொந்தம். எல்லாவற்றையும் விடக் கொடுமை, மின்விசிறி அண்ணன் பக்கம், அதன் சுவிட்ச் தம்பி பக்கம்.

வியர்த்து வழிய உட்கார்ந்திருந்த அண்ணன் கடைசியில் மின்விசிறியிடமே முறையிட்டார். "நீயா பாத்து கொஞ்சம் சுத்தினா நல்லா இருக்கும்."

அந்தப் பக்கத்திலிருந்து முகம் வேறெங்கோ திரும்பியிருக்க, ஒரு கை மட்டும் நீண்டு சுவிட்சைப் போட்டது. இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வைத்துவிட்டுப் போனது.

இரண்டு நாளில் புது பில் வந்தது. பழையது எதுவும் குறையவில்லை. 'நேரடி மறுஆய்வு', 'மஞ்சள் நாடா', 'சுவர் பழக்கப் பயிற்சி, குடும்பம் முழுவதற்கும்' என்று மூன்று சேர்ந்திருந்தன.

"பயிற்சியா! வேர்த்து நனைஞ்சது நானு, அதுக்கு பில்லு எனக்கா!"

அண்ணன் உட்கார்ந்து கடிதம் எழுதினார். நாலு தாளைக் கிழித்துப் போட்டு ஐந்தாவதில் 'அராஜகம்' என்ற சொல்லைச் சேர்த்து அனுப்பினார். ஆர்க்கிடெக்டின் பதில் இரண்டே வரி. வீடு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் இரண்டு பேரும் ஒன்றாக நேரில் வந்து, ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

"இந்தா, அந்தப் பக்கம் போய் விஷயத்தைச் சொல்லிட்டு வா" என்றார் மனைவியிடம்.

"நான் என்ன தபால்காரியா? எனக்கும் அவளுக்கும் பேச்சே கிடையாது. உங்க தம்பி, நீங்களே சொல்லிக்குங்க" என்று அவள் கரண்டியோடு திரும்பிக்கொண்டாள். நாடாவுக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவியும் அதையேதான் சொன்னாள் போலிருக்கிறது. தம்பி தனியாக ஃப்ரிட்ஜ் முன்னால் வந்து நின்றான், ஆனால் திறக்கவில்லை.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து போனாத்தான் அந்த அம்மா காது குடுத்துக் கேப்பாங்களாம்."

"யாரோட முகத்துக்காகவும் வர முடியாது" என்றான் தம்பி ஃப்ரிட்ஜிடம். "பில்லுக்காக வேணா வரலாம்."

"போற வழியில பேச்சு கிடையாது."

"வர்ற வழியிலயும் கிடையாது."

மறுநாள் காலை தம்பி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தான். பயிற்சிக் காரின் கதவில் சாவியைச் செருகப் போய், பூட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தினான். மறுபடி குத்தினான். பிறகு காரின் கூரையிடம் ஒப்புக்கொண்டான். "தலைவலி. இன்னைக்கு ஓட்ட முடியாது."

அண்ணனும் கூரையிடமே கேட்டார். "அப்ப எப்படிப் போறது?"

"பழகறவங்க ஓட்டலாம். பக்கத்துல வாத்தியார் இருந்தா போதும். என் பக்கமும் பிரேக் இருக்கு."

அண்ணன் ஓர் அடி பின்னால் வைத்தார். ஆனால் வாசலில் இரண்டு மனைவிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கம்பீரமாக ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டைத் தப்பான கொக்கியில் மாட்டினார்.

"ஓட்டறவங்க கிளட்சை மெதுவா விடலாம்" என்றான் தம்பி, முன்கண்ணாடியைப் பார்த்து.

"விட்டாச்சு."

கார் ஒரு குதி குதித்து நின்றது.

"இதுக்குப் பேர் மெதுவா இல்ல."

தெரு முனை வந்தது. "திரும்பறவங்க இண்டிகேட்டர் போடலாம்." அண்ணன் எதையோ இழுத்தார். மழை இல்லாத கண்ணாடியில் வைப்பர் பரபரவென்று ஆடத் தொடங்கியது. "அது வைப்பர். அது ஹாரன். அது ரேடியோ. ஒண்ணையும் தொடாம இருக்கலாம்." தம்பியின் குரலில் அடக்கி வைத்த ஏதோ ஒன்று முட்டிக்கொண்டிருந்தது. அது சிரிப்பா கோபமா என்று அண்ணனால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயம்.

அந்த நேரம் பார்த்து ஒரு குப்பை லாரி பின்பக்கமாகவே தெருவுக்குள் வந்தது.

"அண்ணா! பிரேக்கு! பிரேக்கை மிதி அண்ணா! கண்ணை எங்க வெச்சிருக்க?"

இரண்டு பிரேக்கையும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிதித்தார்கள். லாரிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன சொன்ன?" என்றார் அண்ணன்.

"பிரேக்குன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அண்ணான்னேன்."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அண்ணன் அசையவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதைத் துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்படிக் கத்துவேன்னு பயந்துதான்டா நான் அந்த ஸ்கூல்ல போய்ச் சேர்ந்தேன். உனக்கு சைக்கிள் கத்துக் குடுத்தவன் நான். இப்ப நீ என்னைப் பாத்துக் கத்தினா என் மானம் என்ன ஆகறது?"

"நான் எதுக்கு உன்னைப் பாத்துக் கத்தப் போறேன்!" என்று தம்பி கத்தினான். பிறகு தானே அதைக் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அண்ணனுக்கும் பற்றிக்கொண்டது. லாரிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்து, இவர்களைத் திட்டிப் பயனில்லை என்று திரும்பிப் போனார்.

வண்டியை ஓரம் கட்டியதும் அண்ணன் செய்த முதல் வேலை, தம்பி மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றியது. தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார்.

"இது உன் கண்ணுக்குப் போட்டதே இல்லடா. வேற யாரோட பவரையோ உனக்கு மாட்டி விட்டிருக்கான்."

"முதல் நாள்லேர்ந்தே தலைவலிதான். கழட்டினா நான் தோத்துட்டேன்னு நினைச்சுப்பியேன்னு போட்டுக்கிட்டே இருந்தேன்."

"மடையா. சாயங்காலம் கடைக்கு வா."

"நாளைலேர்ந்து காலைல நீ ஸ்கூலுக்கு வா."

ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்குள் இருவரும் தோளோடு தோள் உரச நுழைந்தார்கள். முன்மேஜையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த நடுவயது அம்மாள், உள்ளே போகலாம் என்று கத்தியாலேயே கை காட்டினாள்.

"வெளிச்ச ஆய்வு நாங்க கேக்கல" என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"இருமல் சோதனை நாங்க கேக்கல" என்றான் தம்பி.

"எங்க வீட்டுல யாருக்கும் இருமலே கிடையாது."

"இருந்தாலும் எங்க இருமலை நாங்க பாத்துப்போம்."

ஆர்க்கிடெக்ட் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "சுவர்னா சும்மாவா சார்? அதோட இதெல்லாம் சேர்ந்துதான் வரும்."

"சரி, கதவு? கதவு கேட்டது யாரு?"

"யாரும் கேக்கல. ஆனா சுவர் எழும்பின மறுநாளே ரெண்டு பேர்ல ஒருத்தர் வந்து கேப்பீங்க. யார் முதல்லன்னுதான் எனக்குத் தெரியல. அதான் முன்கூட்டியே போட்டு வெச்சேன்."

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்கள். கேட்கப்போவது யார் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அப்போதுதான் அண்ணன் தலைக்குள் பளிச்சென்றது. "சுவரே இல்லைன்னா?"

"சுவர் இல்லைன்னா கதவு இல்ல. வெளிச்ச ஆய்வு இல்ல. எதுவுமே இல்ல. பில்லும் இல்ல."

"அப்ப எழுதிக்குங்க. சுவர் இல்ல!"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. தம்பி என்ன சொல்வான்? இவ்வளவு நாள் மின்விசிறியைப் பார்த்தே பேசிப் பழகிய கண்ணைச் சிரமப்பட்டுக் கீழே இறக்கி, தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

தம்பி நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கத்தில் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். "அண்ணன் சொன்னா சரிதான். சுவரும் இல்ல, பில்லும் இல்ல. சோபாவை வெட்டற படத்தை நீங்களே வெச்சுக்குங்க."

ஆர்க்கிடெக்ட் பெருமூச்சு விட்டாள். "என் தொழில்ல இப்படி யாரும் என்னை மடக்கினது இல்ல சார்" என்று சொல்லி, பில்லை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

வெளியே வந்த அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தியா, எப்படிப் பிடியைப் போட்டேன்! நம்மளை ஏமாந்த சோணகிரின்னு நினைச்சிட்டா அந்த அம்மா."

"பிரமாதம்ணா. ஆனா வீட்டுல எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் சுவர் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறாங்களே. பேசிக்கறது கூட இல்ல."

"பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? நாமதான் பக்குவமா எடுத்துச் சொல்லி ஒண்ணு சேக்கணும். நீ கவலைப்படாதே, அதை நான் பாத்துக்கறேன்."

வியாபாரி அல்லவா, எதையும் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நகர்வார். முன்மேஜை அம்மாளிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "எங்க வீட்டு விவகாரம் முடிஞ்சது. இனிமே பாக்கி ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கம்மா. நாளைக்கு யாரும் கேட்டு வரக்கூடாது."

அந்த அம்மாள் ஆப்பிள் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

"உங்களுக்கு ஏது சார் பாக்கி? உங்க வீட்டம்மாங்க ரெண்டு பேரும் முதல் நாளே கைகோத்துக்கிட்டு வந்து மொத்தப் பணத்தையும் கட்டிட்டாங்களே, சுவர் கட்டறதுக்கு இல்ல சார், சுவர் வராம பாத்துக்கறதுக்கு!"